கத்தோலிக்க குருக்களைப் பயிற்றுவித்த ஆரம்பகால அச்சுநூல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஐரோப்பாவில் அச்சு தொடங்கிய 1450கள் முதல் 1600களின் தொடக்கம் வரை, குருவாகப் போகிறவருக்காகவும், குருவாகிவிட்ட பிறகு வேலை பிடிபடாமல் திணறுகிறவருக்காகவும் அச்சான நூல்கள். இன்று சேகரிப்பவர்கள் இவற்றை அரிய நூல்கள் என்று தேடுகிறார்கள். திருப்பலிப் புத்தகம், செபப் புத்தகம், விவிலியம் ஆகியவை குருவின் கையில் எப்போதும் இருந்தவைதான். ஆனால் அவை வழிபாட்டுக்கானவை. இங்கே பேசப்படுபவை தொழில் கற்றுத்தரும் நூல்கள்: பாவசங்கீர்த்தனம் (மக்கள் குருவிடம் சொல்லும் பாவ அறிக்கை) எப்படிக் கேட்பது, ஞானஸ்நானம் எப்போது செல்லுபடியாகும், பிரசங்கத்தை எப்படிக் கட்டுவது, குருமாணவர் என்ன படிக்க வேண்டும் என்பன போன்றவை.

அந்தக் காலத்தில் குருமடம் (குருமாணவருக்கான கல்லூரி) இல்லையா? அப்படியானால் குருக்கள் எங்கே படித்தார்கள்?

இன்று நாம் அறிந்த வடிவில் குருமடம் 1563க்கு முன் கிடையாது. பல்கலைக்கழகம் போய் இறையியல் படித்தவர்கள் சிலரே. பேராலயத்தோடு ஒட்டிய பள்ளிகள் நகரங்களில் இருந்தன. கிராமத்துப் பையனுக்கோ உள்ளூர் பங்குக்குருதான் ஆசிரியர். அவருக்குப் பூசையில் உதவி செய்து, பாட்டும் கொஞ்சம் லத்தீனும் கற்று, வயது வந்ததும் ஆயர் (பிஷப்) முன்னால் நின்றால் ஒரு சோதனை நடக்கும். வாசிக்க வருகிறதா, பாட வருகிறதா, ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் போன்ற அருட்சாதனங்களுக்குரிய வார்த்தைகள் தெரியுமா என்று பார்ப்பார்கள். தேறினால் குருப்பட்டம்.

அப்புறம் அவர் தனியாக ஒரு கிராமத்துக்குப் போய்விடுவார். ஒரு சிக்கலான கேள்வி வந்தால் கேட்க பக்கத்தில் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவருக்குக் கையடக்கமான ஒரு புத்தகம்தான் குருமடம், பேராசிரியர், மேலாளர் எல்லாம். இந்த நூல்களின் நடை ஏன் இவ்வளவு நேரடியாக, ‘இப்படி நடந்தால் இதைச் செய்’ என்கிற பாணியில் இருக்கிறது என்பதற்கு இதுவே காரணம்.

இவற்றில் அதிகம் அச்சான நூல் எது?

‘மனிபுலுஸ் குராத்தோரும்’. பங்குக்குருக்களுக்கான கைப்பிடிக் கதிர் என்று சொல்லலாம். எழுதியவர் குய்தோ தெ மோந்தே ரொக்கேன். 1330களின் தொடக்கத்தில், இன்றைய ஸ்பெயினில் உள்ள தெருவேல் ஊரில் இருந்தபோது எழுதி, வலேன்சியா ஆயருக்குக் காணிக்கையாக்கினார். ஏறத்தாழ நூற்றுநாற்பது ஆண்டு பழையதான அந்த நூலை அச்சகத்தார் 1470களில் கண்டெடுத்தார்கள். 1500ஆம் ஆண்டு முடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்துவிட்டன.

நூல் மூன்று பகுதி. முதல் பகுதியில் பாவசங்கீர்த்தனம் தவிர மற்ற அருட்சாதனங்கள். இரண்டாம் பகுதி முழுக்கப் பாவசங்கீர்த்தனம். அதற்கு மட்டும் தனிப் பகுதி ஒதுக்கியதே ஒரு குருவின் வாரம் எதில் கழிந்தது என்பதைக் காட்டுகிறது. மூன்றாவதில் விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளை ஆகியவற்றை மக்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது. குழந்தை சாகக் கிடக்கிறது, குரு வந்து சேரவில்லை. யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம், எந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டும் என்பது மாதிரியான விஷயங்களை ஆசிரியர் மெனக்கெட்டு விளக்குகிறார். ஆழமான இறையியல் தேடினால் ஏமாற்றம்தான். அது இதன் நோக்கமும் இல்லை.

இதோடு போட்டி போட்ட இன்னொன்று, ஃபுளோரன்ஸ் பேராயர் புனித அந்தோனினுஸ் எழுதிய பாவசங்கீர்த்தனக் கையேடு. அவர் 1459இல் இறந்தார். அச்சில் தன் நூலை அவர் பார்க்கவே இல்லை.

நூறு பதிப்பு வந்த நூல் எப்படி அரிதாகும்?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, நியாயமான கேள்வியும்கூட. ‘நூல்’ அரிதல்ல, ஒரு குறிப்பிட்ட ‘பதிப்பு’ அரிதாக இருக்கலாம். மனிபுலுஸை எடுத்துக்கொண்டால் பெரிய ஐரோப்பிய நூலகம் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பதிப்பு இருக்கும். ஆனால் ஒரு சிறு ஊர் அச்சகம் பக்கத்து மறைமாவட்டத்துக்காக (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதிக்காக) அடித்த பதிப்பில் ஒரு பிரதியோ இரண்டு பிரதியோதான் எஞ்சியிருக்கும்.

காரணம் உபயோகம். மாட்டுத்தோல் போர்த்திய பலகை அட்டைக்குள் மடத்து நூலகத்தில் சங்கிலி போட்டு வைத்த பெரிய இறையியல் தொகுதிகள் அப்படியே பிழைத்துக்கொண்டன. அவற்றை எடுத்துப் படித்தவர்கள் குறைவு. குருவின் பையில் போய், மழையில் நனைந்து, மெழுகு சொட்டி, அடுத்த குருவுக்குக் கைமாறிய சின்னப் புத்தகம் கந்தலாகிப் போனது. போதாக்குறைக்கு 1566இல் பங்குக்குருக்களுக்கென்றே உரோமை மறைக்கல்வி நூல் வந்ததும் பழைய கையேட்டை வைத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. பழைய தாள்களை அட்டை கட்டுபவர்கள் எடைக்கு வாங்கி வேறு புத்தகங்களின் அட்டைக்குள் ஒட்டினார்கள். இன்று சில பதிப்புகளின் துண்டுகள் அந்த அட்டைகளைப் பிரிக்கும்போதுதான் கிடைக்கின்றன.

விற்பனைப் பட்டியலில் ‘மிக அரிது’ என்று எழுதியிருந்தால் எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்: நூலையா, பதிப்பையா, அல்லது இந்த விலைக்கு வாங்குகிற ஆளையா?

பிரசங்கம் செய்யக் கற்றுத்தரும் முதல் அச்சுநூல் எது?

புனித அகுஸ்தினாரின் ‘கிறிஸ்தவப் போதனை’ என்ற நூலின் நான்காம் பாகம் மட்டும் தனியாக, ‘பிரசங்கக் கலை’ என்ற பெயரில் 1460களின் பிற்பகுதியில் வந்தது. மிகப் பழைய அச்சுநூல்களில் ஒன்று. எனக்கு இந்த வரிசையிலேயே பிடித்தது இதுதான். அதற்குக் காரணம் அதன் முன்னுரை.

தொகுத்தவர் தன் பெயரைச் சொல்லவில்லை. நல்ல பாடத்துக்காக ஹைடல்பெர்க், ஷ்பயர், வோர்ம்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க் நூலகங்களில் தேடி அலைந்ததாகச் சொல்கிறார். பிரசங்கிகள் பலருக்கும் இது போய்ச்சேர ஒரே வழி அச்சுதான் என்று முடிவெடுத்து, அச்சடிப்பவர் ஒருவரைச் சம்மதிக்க வைத்தாராம். இங்கேதான் வேடிக்கை. ஸ்ட்ராஸ்பூர்க் பதிப்பில் அந்த அச்சகத்தார் பெயர் யோஹான் மென்டெலின். மைன்ஸ் பதிப்பில் அதே முன்னுரை, அதே வாக்கியம், பெயர் மட்டும் யோஹான் ஃபுஸ்ட் – குட்டன்பெர்கோடு கூட்டு வைத்துப் பிறகு வழக்குப் போட்டாரே, அவரேதான். ஒருவர் வெளியிட்டதை மற்றவர் எடுத்து, முன்னுரையில் தன் பெயரைச் செருகிக்கொண்டிருக்கிறார். அச்சு பிறந்து இருபது வருடம்கூட ஆகாத நேரம் அது.

இந்த நூலில் அகரவரிசைச் சொல்லடைவும் உண்டு. அச்சில் வந்த முதல் சொல்லடைவுகளில் ஒன்று. சனிக்கிழமை இரவு மறுநாள் பிரசங்கத்துக்கு விஷயம் தேடுகிற குருவுக்கு வேறென்ன வேண்டும்?

திரெந்து பொதுச்சங்கம் என்ன மாற்றியது?

திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பெருங்கூட்டம் அது. 1563 ஜூலை 15 அன்று நடந்த அதன் 23ஆம் அமர்வின் 18ஆம் பிரிவு, ஒவ்வொரு மறைமாவட்டமும் குருமாணவருக்கான கல்லூரி ஒன்றை நிறுவ வேண்டும் என்றது. பையனுக்குக் குறைந்தது 12 வயது, முறையான திருமணத்தில் பிறந்திருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு முதலிடம். பணக்காரர் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொண்டால் வரலாம். பாடங்களின் பட்டியலும் இருக்கிறது: இலக்கணம், பாட்டு, திருநாள்களைக் கணக்கிடும் முறை, விவிலியம், புனிதர்களின் மறையுரைகள், அருட்சாதனங்களை, குறிப்பாகப் பாவசங்கீர்த்தனத்தை, நிறைவேற்றும் முறை. நாள்தோறும் திருப்பலி, மாதம் ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம்.

காசுக்கு என்ன வழி? மறைமாவட்டத்தில் வருமானம் வரும் திருச்சபைப் பதவிகள் மேல் ஒரு வரி. நினைத்தது போலவே அங்கேதான் முட்டுக்கட்டை விழுந்தது. வரி கட்ட வேண்டியவர்கள் இழுத்தடித்தார்கள். மிலானில் 1564இலும் உரோமையில் 1565இலும் குருமடம் வந்துவிட்டது. பிரான்சில் உருப்படியாக வேரூன்றியது 1640களுக்குப் பிறகுதான். இடைப்பட்ட காலம் முழுக்கவும் கையேடுகளே வேலை பார்த்தன. சட்டம் வந்த அடுத்த நாளே எல்லா குருக்களும் குருமடத்தில் படித்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

திரெந்து தீர்மானங்களின் 1564 பதிப்பில் கையொப்பம் இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சங்கத்தின் தீர்மானங்களை 1564இல் உரோமையில் அச்சிட்டவர் பவுலுஸ் மனூத்தியுஸ். வெனிஸின் பேர்பெற்ற அச்சகத்தார் ஆல்துஸின் மகன். 1561இல் திருத்தந்தை அழைத்து உரோமையில் அச்சகம் வைத்தவர். அந்த ஃபோலியோ (பெரிய அளவு) பதிப்பின் சில பிரதிகளில், மூலத்தோடு ஒத்துப்பார்த்து உறுதிசெய்ததாகச் சங்கத்தின் செயலாளர் ஆஞ்செலோ மஸ்ஸரெல்லியும் நோட்டரிகளும் பேனாவால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அச்சு என்றால் எல்லாப் பிரதியும் ஒன்றுதானே, பிறகு எதற்குக் கையெழுத்து? ஆயர்களுக்கு அது சட்டப் பத்திரம். அச்சுப் பிரதியை மட்டும் நம்பி ஒரு மறைமாவட்டத்தில் வரி போட முடியுமா என்கிற தயக்கம் அன்று இயல்பானது. கையெழுத்துள்ள பிரதிக்கும் இல்லாததற்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு என்பதால் மையின் நிறம், அழுத்தம், தாளின் பின்பக்கம் மை ஊறிய தடம் ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

உரோமை மறைக்கல்வி நூல் மாணவர்களுக்கானது இல்லையா?

இல்லை. 1566இல் மனூத்தியுஸ் அச்சிட்ட அந்த நூலின் தலைப்பிலேயே ‘பங்குக்குருக்களுக்கு’ என்று இருக்கிறது. குழந்தைகள் மனப்பாடம் செய்யும் கேள்வி–பதில் அல்ல. குரு படித்து, உள்வாங்கி, மக்களுக்கு விளக்க வேண்டிய உரைநடை. முதல் பதிப்பில் இன்று நாம் பார்க்கும் கேள்வித் தலைப்புகளும் எண்களும் கிடையாது. நீளமாக ஓடும் அந்த லத்தீனைப் பின்வந்த பதிப்பாளர்கள்தான் துண்டுபோட்டு எண் கொடுத்தார்கள். ஆகவே ‘1566 முதல் பதிப்பு’ என்று சொல்லி, உள்ளே கேள்வி எண்கள் இருந்தால் சந்தேகப்படலாம். அதே ஆண்டில் இத்தாலிய மொழிபெயர்ப்பும் வந்தது. அதையும் லத்தீன் பதிப்பையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

சார்லஸ் பொரோமேயோவின் நூல்களுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

மற்றவர்கள் சட்டம் எழுதினார்கள், மிலான் பேராயர் பொரோமேயோ அதை நடத்திக்காட்டி, நடத்திய விதத்தையும் அச்சில் போட்டார். மாநிலச் சங்கங்கள், மறைமாவட்டக் கூட்டங்கள், சுற்றறிக்கைகள், அறிவுரைகள் எல்லாவற்றையும் சேர்த்து 1582இல் மிலானில் வெளிவந்த ‘மிலான் திருச்சபையின் செயல்பாடுகள்’ என்ற கனத்த தொகுதி மற்ற ஆயர்களுக்கு முன்மாதிரியானது. கோவில் கட்டுமானம் பற்றிய அவருடைய 1577 அறிவுரை நூல் பாவசங்கீர்த்தனத் தொட்டி எப்படி இருக்க வேண்டும் என்பது வரைக்கும் சொல்கிறது. மேற்பார்வைக்குப் போகிறவர்கள் குருவின் வீட்டுப் புத்தக அலமாரியையும் பார்த்தார்கள். பழைய பிரதிகளில் உரிமையாளர் பெயர் பளிச்சென்று எழுதப்பட்டிருப்பதற்கு இந்தச் சோதனையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

தொகுதி பெரியது, விலை அதிகம், அலமாரியில் இருந்தது. அதனால் ஓரளவு நன்றாகவே பிழைத்திருக்கிறது.

சேசு சபை (இயேசு சபைத் துறவிகள்) வகுத்த பாடத்திட்டம் இதில் சேருமா?

சேரும். ‘ராசியோ ஸ்துதியோரும்’ என்ற அந்தத் திட்டத்தின் இறுதி வடிவம் 1599இல் வந்தது. இறையியலில் தாமஸ் அக்குவினாஸ், மெய்யியலில் அரிஸ்டாட்டில், இறையியலுக்கு நான்கு ஆண்டு என்று ஒழுங்கு செய்தது. நூல் தேடுகிறவர்கள் கண் வைப்பது 1586 வரைவின் மேல். ஆறு பேர் கொண்ட குழு தயாரித்த அதை விற்பனைக்கு அல்ல, சபையின் மாநிலப் பிரிவுகள் படித்துக் கருத்துச் சொல்லத்தான் அச்சிட்டார்கள். வேலை முடிந்ததும் யாரும் பாதுகாக்க நினைக்காத தாள் அது.

வைத்திருந்தாலே ஆபத்து என்கிற நூல்கள் இருந்தனவா?

இங்கிலாந்தில் இருந்தன. முதலாம் எலிசபெத் ஆட்சியில் அங்கே கத்தோலிக்க குரு உருவாக வழியில்லை. வில்லியம் ஆலன் 1568இல் (இன்று பிரான்சில் உள்ள) துவே நகரில் ஆங்கிலேயருக்காக ஒரு கல்லூரி தொடங்கினார். 1578இல் அது ரெய்ம்ஸுக்கு இடம்பெயர்ந்து, 1593இல் திரும்பியது. அங்கே படித்து நாடு திரும்பும் குரு தேசத்துரோகி என்று 1585இல் சட்டமே வந்தது.

ஆலன் 1581இல் ரெய்ம்ஸ், உரோமைக் கல்லூரிகளை ஆதரித்து ஆங்கிலத்தில் எழுதிய விளக்க நூல் இந்த வகையில் முக்கியமானது. இந்தக் கல்லூரிகள் எதற்கு, அங்கே என்ன நடக்கிறது என்று நாட்டு மக்களுக்குச் சொல்கிறது. முகப்பில் ஹேனோ பகுதியின் மோன்ஸ் நகரில் அச்சானதாகப் போட்டிருக்கிறது. ரெய்ம்ஸில்தான் அச்சானது என்பது நூலியலாளர் முடிவு. இந்த மாதிரி நூல்களில் முகப்புப் பக்கத்தை அப்படியே நம்பக் கூடாது.

இந்தியாவுக்கும் தமிழுக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு, ஆனால் மிகைப்படுத்தக் கூடாது. கோவாவில் 1556இல் அச்சு இயந்திரம் வந்திறங்கியது. முதலில் அச்சானதாக அறியப்படுவது தூய பவுல் கல்லூரி மாணவர்கள் பொது விவாதத்தில் தற்காக்க வேண்டிய மெய்யியல் கருத்துகளின் தாள்கள். அதாவது இந்தியாவின் முதல் அச்சு வேலையே குருமாணவர் படிப்போடு தொடர்புடையது. அதில் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

தமிழில், அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் 1578இல் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ பலருக்கும் தெரியும். அது மக்களுக்கான மறைக்கல்வி. குருக்களின் வேலைக்கு நெருக்கமானது 1580இல் கொச்சியில் வந்த ‘கொம்பெசியொனாயரு’ என்ற பாவசங்கீர்த்தன நூல். தொலைந்துவிட்டதாக நினைத்திருந்த அதன் பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருப்பது 20ஆம் நூற்றாண்டில்தான் ஆய்வுலகுக்குத் தெரிந்தது. வீரமாமுனிவரின் ‘வேதியர் ஒழுக்கம்’ மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார்களுக்கான பயிற்சி நூல். அச்சேறியது 19ஆம் நூற்றாண்டில். ஆகவே அது இந்தப் பட்டியலில் வராது.

ஆசியாவில் இந்த வகையின் அழகான நூல் ஜப்பானில் வந்தது: ஆயர் லூயிஸ் செர்க்கேய்ரா 1605இல் நாகசாகியில் வெளியிட்ட அருட்சாதனக் கையேடு. சிவப்பும் கறுப்புமாக அச்சாகி, பாட்டுக்கு இசைக்குறியீடும் கொண்டது. 1614இல் தடை வந்து குருக்கள் விரட்டப்பட்ட பிறகு அங்கே அச்சான கிறிஸ்தவ நூல்களில் சொற்பமே மிஞ்சின.

வீட்டில் ஒரு பழைய லத்தீன் புத்தகம் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 1500க்கு முந்தைய பல நூல்களுக்கு முகப்புப் பக்கமே இருக்காது. ஊர், அச்சகத்தார், தேதி எல்லாம் முடிவில் ஒரு பத்தியாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் எழுத்துருவின் அளவையும் வடிவத்தையும் வைத்தே அச்சகத்தை அடையாளம் காண்பார்கள். அடுத்து பல தாள்களின் கீழே வரும் சிறு எழுத்துகளை (அ1, அ2 மாதிரி லத்தீனில்) வரிசையாகச் சரிபாருங்கள். விட்டுப்போன தாள் அங்கே தெரிந்துவிடும்.

பிறகு இணையத்தில் தேடலாம். 1501க்கு முந்தையவற்றுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் ஐஎஸ்டிசி பட்டியல், அதற்குப் பிந்தையவற்றுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் யுஎஸ்டிசி, இத்தாலியப் பதிப்புகளுக்கு எடிட்16.  ஒரு விஷயம்: நம் ஊர் வீடுகளில் கிடைக்கும் லத்தீன் நூல்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாடநூல்கள். அவற்றுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் ஏலத்தில் கொட்டும் மதிப்பல்ல.

நூலக முத்திரை இருந்தால் திருட்டுப் பொருளா?

எப்போதும் அல்ல. 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டபோதும், பிரெஞ்சுப் புரட்சியிலும், 1803இல் பவேரிய மடங்கள் அரசுடைமையானபோதும் லட்சக்கணக்கான நூல்கள் கைமாறின. மியூனிக் அரச நூலகம் தன்னிடம் குவிந்த இரட்டைப் பிரதிகளை முத்திரையிட்டு விற்றது. அவை சட்டப்படி வெளிவந்தவை.

ஆனால் எச்சரிக்கை வேண்டும். நேப்பிள்ஸின் ஜிரோலாமினி நூலகத்தில் பெருங்கொள்ளை நடந்தது 2012இல் வெளிச்சத்துக்கு வந்தது; தண்டனை பெற்றவர்களில் நூலகத்தின் இயக்குநரும் ஒருவர். முத்திரையைச் சுரண்டியோ கழுவியோ அழித்த தடம், முதல் தாளில் அளவாக வெட்டிய துளை, உரிமைக் குறிப்புக்கு மேல் ஒட்டிய புதுத்தாள் தெரிந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்க வசதியில்லை. படிக்க வழி உண்டா?

தாராளமாக. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பவேரிய மாநில நூலகத்தின் எண்ணிமத் தொகுப்பிலும் கூகுள் புக்ஸிலும் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. லத்தீன் தெரிந்தாலும் முதல் சில நாள் தடுமாற்றம் இருக்கும்; இடத்தை மிச்சம் பிடிக்க எழுத்துக்கு மேல் கோடு போட்டுச் சொல்லைச் சுருக்குவார்கள். மனிபுலுஸில் தொடங்கினால் நல்லது. சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் சுருக்கங்கள் சீக்கிரம் பழகிவிடும்.

கையில் எடுக்கும்போது வெள்ளைக் கையுறை போட வேண்டுமா?

தாள் நூலுக்கு வேண்டாம். உறை போட்ட விரலுக்குத் தாளின் விளிம்பு தெரியாது, கிழிப்பதற்குத்தான் வழி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். 180 பாகைக்கு விரித்து மேசையில் அழுத்தாதீர்கள், இரண்டு பக்கமும் மடித்த துணியோ நுரைத் தாங்கியோ வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது. அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பூச்சித் துளை இருந்தால் மருந்து தெளிக்காமல், மற்ற புத்தகங்களிலிருந்து பிரித்து, பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள்.